அப்பாவின் முதல் வரிகள்

டி டிரைவில் வைத்த எதுவும் அழியாது என்று எங்கள் வீட்டில் மூன்று பேரும் நம்பினோம். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்றோ, மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் எங்கள் கீழ்க்கட்டளைத் தெருவுக்குள் வராது என்றோ நாங்கள் என்றும் நம்பியதில்லை. அப்பா நம்பாதவை இன்னும் பல: செய்தித்தாளின் ராசிபலன், மருத்துவர்கள் சொல்லும் ‘ஒன்றும் பயப்படாதீர்கள்’, பண்டிகைக்கு முந்தைய நாள் பெருங்களத்தூரில் பேருந்து நடத்துநர்கள் கூவும் ‘பின்னாடி காலி வண்டி வருது’. ஆனால் டி டிரைவை நம்பினார். அம்மாவும் நம்பினாள். அச்சிட்டதைத் தவிர எதையும் எளிதில் நம்பாத நானும் நம்பினேன்.

அந்த நம்பிக்கையை எங்களுக்குக் கொடுத்தவர் நெல்சன். கிழக்குத் தாம்பரத்தில் சுரங்கப்பாதைக்கு அருகே, மாடிப்படியின் அடியில் கடை வைத்து, பாகங்களை வாங்கிச் சேர்த்துக் கம்ப்யூட்டர் கட்டித் தருபவர். எங்கள் வீட்டுக்கு அதைக் கொண்டுவந்து பொருத்திய அன்று, ஒரே ஹார்ட் டிஸ்கை சி, டி என்று இரண்டாகப் பிரித்துக் காட்டினார். “சி-ல சிஸ்டம் மட்டும்தான்க்கா. அதுக்கு எப்ப வேணா என்ன வேணா ஆகும், அழிச்சிட்டு மறுபடி போட்டுக்கலாம். டி-ல வெச்சீங்கன்னா உங்க பீரோல வெச்ச மாதிரி” என்றார். பீரோ என்றதும் அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்று மாலை பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம், எங்கள் கம்ப்யூட்டரில் பீரோ இருக்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

இதையெல்லாம் இப்போது கிளறியது, சென்ற வாரம் என் மடிக்கணினியில் வந்த ஓர் அறிவிப்பு. நான் பயன்படுத்தும் இயங்குதளத்துக்கு இனிப் பாதுகாப்பு கிடையாதாம். புதிய பதிப்புக்கு மாறியாக வேண்டுமாம். மாறுவதற்கு முன் செய்ய வேண்டியவை என்று ஒரு பட்டியலும் உடன் வந்தது. முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்தில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். தேவையற்றவற்றை நீக்கி இடம் ஏற்படுத்துங்கள். பணி முடியும்வரை மின்னிணைப்பைத் துண்டிக்காதீர்கள். பட்டியல்கள் எனக்குப் பிடித்தமானவை. காட்டாங்குளத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் என் பணிக்காலம் முழுவதையும் பட்டியல்களோடு கழித்தவள் நான். இருந்தும் இந்தப் பட்டியலின் முதல் வரியைப் படித்ததும் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

பிரதி எடுக்கத் தொடங்கியதும் மடிக்கணினி சூடேறி, அதன் விசிறி இரையத் தொடங்கியது. சூடான தூசிக்கென்று ஒரு வாசனை உண்டு, கவனித்திருப்பீர்கள். நெடுநாள் எடுக்காத இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கும்போது எழுவதைப் போன்றது. அதனோடு சிறிது நீலகிரித் தைலத்தைக் கலந்தால் எங்கள் பழைய முன்னறை வந்துவிடும். அப்பாவின் கட்டிலும் கம்ப்யூட்டர் மேசையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்த அறை அது. இரண்டாண்டுகளுக்கு மேல் அப்பா பேசியதெல்லாம் அந்த மேசையிலிருந்துதான்.

அப்பா பேருந்து நடத்துநர். தாம்பரத்திலிருந்து புறப்படும் வழித்தடங்கள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு காலத்தில் பணியாற்றியவர். அவருடைய விசிலுக்கு வேலையே இல்லை என்று ஓட்டுநர்கள் கேலி செய்வார்கள். பின்படிக்கட்டிலிருந்து அவர் ‘ரைட்’ என்றால் முன்னால் போகும் வண்டியும் கிளம்பிவிடும். சானடோரியத்தையும் குரோம்பேட்டையையும் பல்லாவரத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். வீட்டிலும் அதே குரல்தான். நான் பள்ளியில் படித்த நாட்களில், படிக்கும் பிள்ளைக்கு எதிரே ஏன் இப்படிச் சத்தம் போடுகிறீர்கள் என்று அம்மா கேட்டால், “இது சத்தமா? இது பேச்சு. சத்தம் இன்னான்னு காட்டட்டா?” என்பார். காட்டவும் செய்வார். நான் காதைப் பொத்திக்கொண்டு படித்துத்தான் நூலகரானேன். அமைதி காக்கவும் என்ற பலகையின் கீழ் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் வேலையை நான் தேர்ந்ததில் அப்பாவுக்கும் பங்குண்டு.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் தளர்ந்தன, நாக்கு புரளவில்லை. நினைவிலோ மொழியிலோ குறையில்லை என்று மருத்துவர் சொன்னார். சொற்கள் எல்லாம் உள்ளே ஒழுங்காக இருக்கின்றன, வெளியே கொண்டுவரும் வழிதான் அடைபட்டுவிட்டது என்றார். நல்ல செய்தியைப் போலத்தான் சொன்னார். வீட்டுக்கு அழைத்துவந்த பின்புதான் அதன் கொடுமை எங்களுக்குப் புரிந்தது. அப்பா வாயைத் திறப்பார், ஈரமான, குழைந்த ஓர் ஒலி வரும். அம்மா தண்ணீரா, போர்வையா, மாத்திரையா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் களைத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். இடக்கையால் எழுதிப் பார்த்தார். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

தட்டச்சு செய்தால் என்ன என்பது என் யோசனை. விசைப்பலகையின் ஆங்கில எழுத்துகளின்மேல், நூலகத்தில் புத்தக முதுகில் ஒட்டும் வெள்ளைத்தாளைச் சதுரம் சதுரமாக வெட்டி, தமிழ் எழுத்துகளை எழுதி ஒட்டினேன். ஒவ்வொன்றின்மேலும் ஒளிபுகும் ஒட்டுநாடா. இடக்கைச் சுட்டுவிரல் ஒன்றால் அப்பா முதன்முதலில் தட்டிய வாக்கியத்துக்குக் கால்மணி நேரம் பிடித்தது. ‘சாந்தா இன்னா இன்னிக்கு சாம்பார்ல உப்பே காணோம்’ என்று திரையில் வந்தது. அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். படித்து முடித்துவிட்டு, இருபது நாளாக அந்த வீட்டில் கேட்காத குரலில், “யோவ், மூணு நாளா உனக்கு உப்பில்லாமதான்யா போட்டுகினு கீறேன், டாக்டர் சொன்னாரு” என்றாள். பிறகு சமையலறைக்குப் போய் நெடுநேரம் வெளியே வரவில்லை.

அதன்பின் வீடு மறுபடியும் பேச்சுள்ள வீடாயிற்று. அப்பா எழுதியது பேச்சு மொழியைத்தான்; எழுத்துத் தமிழில் ஒரு வரிகூட அவர் தட்டியதில்லை. நான் பணிக்குப் போயிருக்கும் வேளையில், சமையலறை வாசலிலிருந்தே அம்மாவுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுத்தைப் பெரிதாக்கக் கற்றுக்கொண்டார். அதுவே நாளடைவில் அவர் குரலாயிற்று. சாதாரணப் பேச்சுக்கு நடுத்தர எழுத்து. அலுத்துக்கொள்ளும்போது சற்றுப் பெரியது. கோபம் வந்துவிட்டால் ஒரு சொல் திரை முழுவதும் நிற்கும். ஒருநாள் நான் வீடு திரும்பியபோது திரையில் ‘ஃபேனு’ என்ற ஒரு சொல் சுவரொட்டி அளவில் கத்திக்கொண்டிருந்தது. அம்மா அசையாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “காலீல இருந்து கத்திகினே கீறாரு பாரு உங்கப்பா. இன்னா, ஃபேன கம்மி பண்ணணுமாம். எழுந்து போய் நானே மானிட்டர நிறுத்திட்டேன், மறுபடி போட்டுகினாரு” என்றாள். மானிட்டரை நிறுத்துவது அம்மாவின் கடைசி ஆயுதம். நாற்பது ஆண்டு மணவாழ்க்கையில் அவருடைய வாயை அடைக்க அவளுக்குக் கிடைத்த முதல் பொத்தான் அது. அப்பா மேசையைத் தட்டுவார், பிறகு தோள் குலுங்கச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு மட்டும் நாக்கு தேவைப்படவில்லை.

விசைகளில் ஒட்டிய தாள்கள் ஒன்றிரண்டு மாதங்களுக்கொருமுறை தேயும். ச, ந, த ஆகிய மூன்றும் மற்றவற்றுக்கு முன்பே அழிந்துபோகும். ஏன் அந்த மூன்று மட்டும் என்று நான் சில நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாந்தா என்று அவர் தட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது புரிந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை, தாளை மட்டும் மாற்றினேன்.

ஒவ்வொரு நாளும் காலையில் புதிய பக்கம் திறப்பார், மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் மூடுவார். மூடும்போது, சேமிக்கவா வேண்டாமா என்று கம்ப்யூட்டர் கேட்கும். சாம்பாரில் உப்பில்லை என்பதையெல்லாம் எதற்குச் சேமிக்க வேண்டும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்று நான் தொடக்கத்தில் சொன்னேன். அவர் நிதானமாகத் தட்டினார்: ‘வேணாம்னு அமுத்துனா நான் இன்னிக்கு பேசவே இல்லன்னு ஆயிடும்ல பாப்பா’. கோப்புக்குப் பெயர் வைக்கும் சிரமமும் அவருக்கு இல்லை. பக்கத்தின் முதல் வரியையே பெயராக வைக்கலாமா என்று அந்த மென்பொருள் கேட்கும், அவர் ஒப்புக்கொள்வார். எங்கே வைப்பது என்பதையும் அதுவே முடிவு செய்து, சி-யில் போட்டுக்கொள்ளும். ஆகவே அந்தக் கோப்புறையைத் திறந்தால், அப்பா ஒவ்வொரு நாளும் முதன்முதலில் என்ன சொன்னார் என்பது வரிசையாக நிற்கும்.

மூன்றாம் ஆண்டில் கம்ப்யூட்டர் தளரத் தொடங்கியது. அப்பா பாதி வாக்கியம் தட்டியிருப்பார், திரை உறைந்துபோகும். மீதி வரும்வரை விரலைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருப்பார். பேச்சு திக்குவதைப் போலிருந்தது அது. அவருக்கே முகம் சிவந்துவிடும். நெல்சன் வந்து பார்த்தார். பழைய இயங்குதளத்தை இனி யாரும் கவனிப்பதில்லை, வைரஸ் புகுந்திருக்கிறது, சி-யை அழித்துவிட்டுப் புதிய பதிப்பைப் போட்டு, நினைவகத்தையும் கூட்டிவிட்டால் தண்ணீர் மாதிரி ஓடும் என்றார். அப்பாவின் கண்கள் விரிந்ததை நான் பார்த்தேன். ‘பேஜாரா கீது நெல்சா சீக்கிரம் பண்ணு’ என்று தட்டினார். வேண்டியவற்றை எல்லாம் டி-க்கு அனுப்பி வைத்துவிடுங்கள், திங்கட்கிழமை காலை வந்து எடுத்துப்போகிறேன் என்று சொல்லி நெல்சன் புறப்பட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் போகிக்கு முந்தைய நாளைப் போலிருந்தது. அம்மா கம்ப்யூட்டரின் பெட்டியை வெளியே வைத்து, பழைய பெயின்ட் பிரஷ் ஒன்றால் தூசி தட்டினாள். கம்பிகளை ஈரத்துணியால் துடைக்கப் போனவளை நான் ஓடிப்போய்த் தடுத்தேன். பிறகு பெட்டியை மேசையில் வைத்து, என்னுடைய கோப்புகளை நான் டி-க்கு மாற்றினேன். அப்பாவுடையதை மாற்ற மௌஸை நகர்த்தியபோது என் கையைத் தட்டிவிட்டார். தட்டினார்: ‘எம்மூட்டைய நானே கட்டிக்கறேன்’. இரண்டு ஆண்டுகளாக அவரைக் குளிப்பாட்டுவதும் சட்டை மாட்டுவதும் நாங்கள்தான். இந்த ஒன்றாவது அவர் கையால் நடக்கட்டும் என்று எழுந்து கொடுத்தேன். சரியாகத்தான் செய்தேன் என்று இப்போதும் நினைக்கிறேன். தவறு நான் அதற்குப் பிறகு செய்யாமல் விட்டதில் இருக்கிறது.

அப்பா மௌஸை இடக்கையால் பிடிப்பவர். அப்படிப் பிடிக்கும்போது அவருடைய வலுவான விரல், சுட்டுவிரல், வலப்பக்கப் பொத்தானின்மேல் வந்து படியும். மொத்தக் கோப்புகளையும் ஒரே சேரத் தெரிவுசெய்து, அந்தப் பொத்தானை அழுத்தியபடி டி-க்கு இழுத்துப் போட்டிருக்கிறார். வலப்பக்கப் பொத்தானால் இழுத்தால், பிரதியா, இடமாற்றமா, ஷார்ட்கட்டா என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு பட்டியல் விரியும். அவர் விரல் மூன்றாவதில் விழுந்துவிட்டது. ஷார்ட்கட் என்பது கோப்பு இருக்கும் இடத்தைச் சுட்டும் அடையாளம் மட்டுமே. கோப்பு பழைய இடத்திலேயே இருக்கும். நெல்சன் செய்திருந்த அமைப்பில் பெயர் அச்சு அசலாக அதேதான். படத்தின் மூலையில் வளைந்த அம்புக்குறி ஒன்று, எள்ளளவில், கூடுதலாக இருக்கும்.

மறுநாள் காலை நெல்சன் வருவதற்குள் சரிபார்க்க உட்கார்ந்தேன். நூலகத்தில் ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்ப்பு செய்பவள் அல்லவா, அந்த முறையிலேயே செய்தேன். பழைய கோப்புறையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, பெயர்களை மேலிருந்து கீழாக ஒப்பிட்டேன். எழுநூற்று நாற்பத்தாறு பெயர்கள். இங்கும் எழுநூற்று நாற்பத்தாறு. ஒரு பெயரும் விடுபடவில்லை என்பதில் எனக்கு ஏற்பட்ட திருப்தியை நினைத்தால் இன்றும் கூசுகிறது. ஒரே ஒரு கோப்பையாவது திறந்து பார்த்தேனா? இல்லை. திறந்திருந்தாலும் அந்தக் காலையில் அது திறந்திருக்கும், பழைய இடம் இன்னும் அழியவில்லையே என்று நெடுநாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் திறந்திருந்தால் அந்த அம்புக்குறியின்மேல் என் கண் பட்டிருக்கும். திறக்காததற்குக் காரணம் எளியது: ஏழு நாற்பது பேருந்து. அதைத் தவறவிட்டால் அடுத்ததில் வண்டலூர்வரை நின்றுகொண்டு போக வேண்டும்.

நெல்சன் பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு போனார். அப்பா ஜன்னல் வழியே தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்ததாக அம்மா சொன்னாள். இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. அப்பா வெறும் விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு, சொருக இடமில்லாத அதன் கம்பியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மாலை கம்ப்யூட்டர் திரும்பி வந்தது. திரையில் புதிய நிறங்கள், புதிய ஒலி. அப்பா தட்டினார், விரல் எடுக்குமுன் எழுத்து வந்து நின்றது. ‘வண்டி சூப்பரா ஓடுது’ என்று எழுதி, அதைத் திரை நிறையப் பெரிதாக்கினார். அம்மா, “வந்ததும் வராததுமா கத்த ஆரம்பிச்சாச்சா?” என்றாள். நெல்சனுக்குக் காபி கொடுத்தோம். அந்த மாலையில் எங்கள் மூன்று பேருக்கும் குறையேதும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

வியாழன் காலை நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். முன்னறையில் மௌஸின் ஒலி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சொடுக்கு, சொடுக்கு, சிறிது இடைவெளி, மீண்டும் சொடுக்கு. தட்டச்சு ஒலியே வராதது விசித்திரமாக இருந்ததால் போய்ப் பார்த்தேன். அப்பா டி டிரைவில் தன் கோப்புறையைத் திறந்து வைத்திருந்தார். ஒரு பெயரைச் சொடுக்குவார், இது சுட்டும் கோப்பு இல்லை என்று ஒரு சிறு கட்டம் தோன்றும், அதை மூடுவார், அடுத்த பெயரைச் சொடுக்குவார். நான் எப்போது வந்தேனோ அதற்கு வெகுநேரம் முன்பே அவர் தொடங்கியிருக்க வேண்டும். பொறுமையாக, நெரிசலான வண்டியில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வருவதைப் போல, ஒன்றையும் விடாமல் வந்துகொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். அன்று ஏழு நாற்பதில் ஏறவில்லை.

நெல்சன் பத்து மணிக்கு வந்தார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது அவருக்கு. என்னைப் பின்வாசலுக்கு அழைத்துப்போய், தாழ்ந்த குரலில் கேட்டார்.

“அக்கா, ஒரு ஃபைலயாவது தொறந்து பாத்தீங்களா?”

“பேரெல்லாம் சரியா இருந்துச்சு நெல்சன்.”

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். மறுபடி பெட்டியைக் கொண்டுபோய், அழிந்ததை மீட்கும் மென்பொருள்களை மூன்று நாள் ஓட்டிப் பார்த்தார். புதிய இயங்குதளம் அந்த இடத்தின்மேல்தான் எழுதப்பட்டிருந்தது. கிடைத்தவை கட்டங்களும் கேள்விக்குறிகளும் உடைந்த எழுத்துகளும். அவற்றில் ஒரு பக்கத்தை அச்சிட்டுக் கொண்டுவந்தார். நடுவே எங்கோ ‘கீது’ என்று ஒரு சொல் மட்டும் பிழைத்திருந்தது. யாருடைய, என்ன, எங்கே கீது என்று அறிய வழியில்லை. காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெட்டி திரும்பிய அன்று அப்பாவின் அருகில் தரையில் உட்கார்ந்தேன். முப்பத்தெட்டு வயதில், பள்ளியில் தோற்று வந்த பிள்ளையைப் போல உட்கார்ந்திருந்தேன். அவர் கை தவறியது என்பதை அவரிடம் சொல்லவில்லை. கடையில் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் சொன்னேன். ஆனால் தன் மூட்டையைத் தானே கட்டியவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? அவர் என்னைப் பார்த்தார். பிறகு புதிய பக்கம் திறந்து, சிறிய எழுத்தில், நான் எழுந்து கிட்டத்தில் போய்த்தான் படிக்க முடிகிற அளவுக்குச் சிறியதில், தட்டினார்:

‘வுடு பாப்பா பேச்சுதானே’

வழக்கம் மாறாமல் சேமித்தார். டி-யில்.

புதிய பதிப்பில் அப்பா பேசியவை, வண்டி ஓடுவதைப் பற்றியதும் இதுவும் ஆக, இரண்டு வரிகள்தான். மறுநாள் காலை அம்மா அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் திரையைப் போட்டாள். அவர் இடக்கையை மடியிலேயே வைத்திருந்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. வேண்டியதைக் கையால் காட்டினார்: தண்ணீருக்குக் கட்டைவிரல், வலிக்கு உள்ளங்கை. அம்மா எத்தனையோ விதமாகச் சீண்டிப் பார்த்தாள். “இன்னாயா, சாம்பார்ல இன்னிக்கு உப்பு அள்ளிக் கொட்டிகீறேன், ஒரு வார்த்த கேக்க மாட்டியா?” என்று கேட்டாள். அவர் தலையை அசைத்து, நன்றாகத்தான் இருக்கிறது என்பதைப் போல ஒரு பிடி அள்ளிச் சாப்பிட்டுக் காட்டினார். அம்மா மானிட்டரை நிறுத்தவேயில்லை. காலையில் போடுவாள், இருட்டியதும்தான் அணைப்பாள். பகல் முழுவதும் வெற்றுப் பக்கம் ஒன்று எரிந்துகொண்டிருக்கும். கடைசியாக நான் ஒட்டிய ச-வும் ந-வும் த-வும் தேயாமல் பளிச்சென்று இருந்தன.

நுண்ணிய இரண்டாவது அடைப்பு ஏதேனும் வந்திருக்கலாம், அதனால் ஆர்வம் குன்றியிருக்கலாம் என்றார் மருத்துவர். அவர் கருணையுள்ளவர். பதினான்கு மாதங்கள் அப்படியே இருந்து, ஒரு பிற்பகலில் அப்பா போனார். இறுதிச் சடங்குக்கு வந்திருந்த பழைய ஓட்டுநர் ஒருவர், இவ்வளவு அமைதியாக இவனைப் பார்ப்பது இதுவே முதல் முறை என்றார்.

அந்தப் பெயர்களை நான் நீக்கவில்லை. அடுத்தடுத்து வாங்கிய ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அவற்றைக் கொண்டுபோனேன். சில விடுமுறை நாட்களில் ஒன்றிரண்டை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். ‘நேத்து கனவுல நம்ப பஸ்ஸு வந்துச்சு’ என்று படித்தால், “ஆமா, அதுக்கு நான், கனவுலயாவது சில்லற குடுத்தியாயான்னு கேட்டேன்” என்பாள். அவளுக்கு நினைவிருந்தது அவள் சொன்ன பதில்கள்தாம். அவர் சொன்னதன் மீதி அவளுக்கும் நினைவில் இல்லை. அவருடைய முதல் வரி இருந்தது, அவளுடைய பதில் இருந்தது. இடையில் அந்த நாள் முழுவதும் அவர் பேசிய பேச்சு இல்லை. அந்தப் பதில்களையாவது எழுதி வைத்திருக்க வேண்டும். இன்னொரு நாள் ஆகட்டும் என்று தள்ளிப்போட்டேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அம்மாவும் போய்விட்டாள். எழுதாத அவளுடைய பேச்சுக்குப் பெயர்கூட எஞ்சவில்லை.

கிழக்குத் தாம்பரத்தில் நெல்சனின் மாடிப்படிக் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறைகள் தொங்குகின்றன. அவருடைய எண் வேறு யாரிடமோ இருக்கிறது. ஒருமுறை அழைத்தேன், யாரோ ஒரு பெண் இந்தியில் பேசினாள். பேருந்துகளில் இப்போது ‘இன்னா’ என்று கேட்கும் நடத்துநர் அரிதாகிவிட்டார். நிறுத்தத்தின் பெயரை ஒலிபெருக்கியில் பதிவு செய்யப்பட்ட குரல் ஒன்று, எவரிடமும் கோபமில்லாமல் சொல்கிறது.

நேற்று, புதிய பதிப்புக்கு இடம் ஏற்படுத்தும் பொருட்டு, தேவையற்றவற்றைக் கண்டறியும் கருவியை ஓட்டினேன். அது தேடி முடித்து, எழுநூற்று நாற்பத்தாறு பயனற்ற ஷார்ட்கட்டுகள் இருக்கின்றன, நீக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்றேன். பிறகு அந்தப் பெயர்களைத் தாளில் அச்சிட்டு, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, முதன்முறையாக முழுவதையும் படித்தேன். சாந்தா என்று தொடங்குபவைதாம் மிகுதி. ‘மள பேஞ்சா ஏரிப்பக்கம் போவாத’. ‘குரோம்பேட்டைல ஒரு பொம்பள’. ‘இந்த டிவிக்காரன் சொல்றது’. நானூற்றுச் சொச்சமாவது வரியில் விரல் நின்றது. ‘உங்கம்மா கைல சொல்லாத பாப்பா’ என்றிருந்தது.

அம்மாவிடம் சொல்லாதே என்று எனக்கு மட்டும் அவர் சொன்ன ஏதோ ஒன்று. அன்று நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்திருப்பேன். சரிப்பா, சொல்லவில்லை என்று வாக்குக் கொடுத்திருப்பேன். சொல்லவும் இல்லை. யாரிடமும் சொல்லாமல் காப்பாற்றிய அந்த ரகசியம் என்ன என்பது எனக்கு நினைவில்லை. நேற்று மதியம் முதல் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வலியை மறைத்தாரா, ஏதாவது தின்பண்டம் கேட்டாரா, அம்மாவுக்காக எதையேனும் வாங்கச் சொன்னாரா, அதை நான் வாங்கினேனா? நான் வாசித்த புத்தகங்களில் எத்தனையோ பக்கங்கள் இன்றும் வரி பிசகாமல் எனக்கு நினைவிருக்கின்றன. அப்பா என்னை நம்பிச் சொன்ன ஒன்று நினைவில் இல்லை. கேட்பதற்கும் ஆளில்லை, அம்மா இருந்திருந்தாலும் அவளைக் கேட்டிருக்க முடியாது.

இன்று காலை புதிய பதிப்பு ஏறத் தொடங்கியது. பாதி முடிந்துவிட்டதாகத் திரை காட்டுகிறது. கணினியை அணைக்க வேண்டாம் என்கிறது. முன்னறையில் கட்டில் இல்லை, அந்த மேசையும் இல்லை. அங்கே பேச்சு நடந்த நாட்களில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். இப்போது நான் இருக்கிறேன்.